இரண்டு இலையிலும் வெள்ளரளி

கணவாய்க்குக் கீழே இருந்த சாஸ்தா கோயிலில் பூக்கட்டும் பணி சொரிமுத்துப் பண்டாரத்துடையது. விடியுமுன் சுனையில் குளித்து, அரளி பறித்து, மாலை கட்டிச் சாமிக்குச் சாத்திய பிறகே வாயில் தண்ணீர் விடுவார். ஒரு வேளைக் கட்டிச்சோறுதான் கூலி. அவர் அதைக் கூலி என்று சொன்னதே இல்லை.

கணவாய் கடப்பவர்கள் அங்கே பூக்கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனி இலையில் மடித்துப் பண்டாரம் சாமி காலடியில் வைப்பார். கேட்டவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பயணம் நிற்கும்.

ஒரு மாசி மாதத்தில் காவி உடுத்திய ஏழு பேர் களைத்து வந்தார்கள். ஒரு காதில் மட்டும் கடுக்கன் போட்டிருந்தவன் சொன்னான்: “மலைக்கு அந்தப் பக்கம் எங்க ஆத்தா சாகக் கெடக்கா. உத்தரவு கேட்டுச் சொல்லும் சாமி.”

சிவப்பு வந்தால் இவன் தாய் முகம் பாராமல் திரும்புவானே என்று பண்டாரத்தின் மனம் இளகியது. யாரும் அறியாமல் இரண்டு இலையிலும் வெள்ளையையே வைத்து மடித்தார்.

வந்தவர்கள் ஒற்றைக்கடுக்கன் கூட்டத்தார். கணவாய் வழியே போவோர் பெயர் கேட்டாலே நடுங்கிய கொள்ளையர்கள். அன்று பொழுது சாயுமுன் கல்யாண வண்டிகளை மறித்து நகைகளைப் பறித்தார்கள். தடுத்த வண்டிக்காரர் பிச்சாண்டியை வெட்டிச் சாய்த்தார்கள். “சாஸ்தாவே உத்தரவு குடுத்துட்டாரு” என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

“கொள்ளைக்காரனுக்குத் தொணைபோற சாமிக்கு வெளக்கு ஒரு கேடா?” என்று ஊர் கொதித்தது. சாமியின் மேல் விழுந்த பழியைப் பண்டாரத்தால் தாங்க முடியவில்லை. கோயில் வாசலில் நின்று கைகூப்பினார்.

“சாமிகிட்ட நான் கேக்கவே இல்ல. ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன். பழி என்னுது.”

“பூவுலயே பித்தலாட்டமாவே? இனி உம்ம மாலைய மோந்து பாத்துத்தான் போடணும்!” என்றார் ஒருவர். பூக்கூடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிச்சாண்டியின் மனைவி ஆவுடை மட்டும் திட்டவில்லை.

“நீரு எரக்கப்பட்டீரு. எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு.”

அந்தச் சொல் பண்டாரத்தை விட்டு அகலவே இல்லை. மூன்று வருடம் வெளிப்பிரகாரம் பெருக்கினார். பூவைத் தொடவில்லை. ஆவுடை வீட்டுத் தொட்டியில் தினமும் இரண்டு குடம் நீர் ஊற்றினார். அவள் அவரிடம் பேசியதில்லை.

ஓர் உச்சிவேளையில் ஆவுடை சன்னிதி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கடுக்கன்காரன் மறுபடி வந்தான். இந்த முறை காவி இல்லை, கையில் அரிவாள் இருந்தது.

“உம்ம கை ராசியான கைவே. உத்தரவுப் பூ கட்டும்.”

“அன்னைக்கு ரெண்டும் வெள்ளப்பா. சாமி உனக்கு ஒண்ணுமே சொல்லல.”

அவன் சிரித்தான். “அப்ப இன்னைக்கும் ரெண்டும் வெள்ளையாவே கட்டும். இல்லன்னா தலை இருக்காது.”

“தலைய எடுத்துக்கோ. இனி சாமிய நான் ஏமாத்த மாட்டேன்.”

ஆவுடை பார்க்க, கழுத்தை அரிவாள் தொட்டிருக்க, சாமி காலடியில் கிடந்த அரளியில் வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக எடுத்து மடித்து வைத்தார். அவன் ஒன்றைப் பிரித்தான். சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதையும் பிரித்தான்.

அதுவும் சிவப்பு.

“வெள்ளப்பூ வச்சத நான் பாத்தேனே!” என்று ஆவுடை அலறினாள். கடுக்கன்காரன் பின்வாங்கினான். அரிவாளைப் படியிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனான். அதன் பிறகு அந்தக் கூட்டத்தைக் கணவாயில் யாரும் காணவில்லை.

ஊர் திரண்டு வந்து பூக்கூடையைத் திரும்பக் கொடுத்தது. ஆவுடையே அதை அவர் முன் வைத்தாள். பண்டாரம் மகிழவில்லை. அந்த இரண்டு சிவப்புப் பூக்களையும் உள்ளங்கையில் ஏந்திச் சன்னிதியில் விழுந்து அழுதார்.

“அன்னைக்கும் இதத்தான சொல்லியிருப்பீரு சாமி? நான்தான உம்ம வாயப் பொத்திட்டேன்.”

இறைவனே மன்னித்த பிறகும் தம்மை மன்னிக்காமல் கடைசிவரை பூக்கட்டி வாழ்ந்த அந்த எளியவரின் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.