மடச்சி கேட்ட தண்ணீர்

ஒரு ஊர். பேர் வேண்டாம், எந்த ஊரிலும் நடந்ததுதான். அந்த ஊரில் சேவுகன், சேவுகன் என்று ஒருத்தன் இருந்தான். கண்மாய்த் தண்ணீர் பாயும் இடத்தில் அவனுக்கு ஒரு மேல்வயல், அதை ஒட்டி ஒரு கீழ்வயல். இருளாயி என்று பெண்டாட்டி. மூன்று பிள்ளைகள். இவ்வளவு இருந்தும் அந்தத் தடியனுக்குப் போதவில்லை. ஒருநாள் மேலத்தெருவில் வேறொருத்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். போகிறவனைக் கட்டிப்போட முடியுமா? போனவன் வயலையும் தனக்கென்று வைத்துக்கொண்டான், மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனான், குதிரில் கிடந்த நெல்லையும் அள்ளிக்கொண்டு போனான். பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

இருளாயி ஊரார் வயலில் நாற்று நட்டாள், களை எடுத்தாள், நெல் குத்தினாள். நாலு வயிறு, இரண்டு கை. எத்தனை நாளைக்கு ஓடும்?

மூத்தவள் மீனாளைக் கூப்பிட்டாள். "உங்க அய்யாகிட்டப் போயி, வீட்ல அரிசி இல்லைன்னு சொல்லு."

மீனாள் போய் வாசலில் நின்றாள். சேவுகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கறிக்குழம்பு. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அறுப்பு முடியட்டும்னு உங்க ஆத்தா, அந்த மடச்சிகிட்டப் போய்ச் சொல்லு."

அறுப்பு முடிந்தது. அப்புறம் நடுவுள்ளவன் சாத்தன் போனான். "அய்யா, அறுப்பு முடிஞ்சிருச்சு."

"நெல்லுக் காயட்டும்னு அந்த மடச்சிகிட்டப் போய்ச் சொல்லு."

நெல் காய்ந்தது. அப்புறம் கடைக்குட்டி வீரணன் போனான். "அய்யா, நெல்லுக் காஞ்சிருச்சு."

சேவுகன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பெத்தவ அந்த மடச்சிதானே? அவகிட்டக் கேளு. போ."

வீரணன் வெறுங்கையோடு வந்தான். வந்து கேட்டான்: "ஆத்தா, மடச்சிங்கிறது உன் பேரா?"

அதுவரை இருளாயிக்கு வந்ததெல்லாம் அழுகை. அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

நேரே ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தாடியைத் தடவினார்கள். "பொறு தாயி. ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான். மனசு இரங்கினா அவனே குடுப்பான்."

"அவன் மனசு இரங்குற வரைக்கும் எம் பிள்ளைக வயித்தை எங்க கழட்டி வைக்கட்டும்?"

பெரியவர்கள் மறுபடியும் தாடியைத் தடவினார்கள். வேறென்ன செய்வார்கள்? அதில் பாதிப் பேர் சேவுகன் வீட்டுக் கறிக்குழம்பு தின்றவர்கள்.

அப்புறம் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராசாவிடம் நடந்தாள். ராசா சேவுகனுக்கு ஆள் அனுப்பினார். அவன் வெள்ளை வேட்டி கட்டி, பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். இந்த மாதிரி ஆள் எல்லாம் அரண்மனைக்கு வரும்போது அப்படித்தான் வருவான்.

"ராசா, நான் தரமாட்டேன்னா சொன்னேன்? இவ வந்து பதவிசாக் கேட்டா ரெண்டு மரக்கா நெல்லு அளந்து போடப்போறேன். திமிரு. வரமாட்டேங்குறா."

ராசா இருளாயியைப் பார்த்தார். "சரியாத்தானே சொல்றான். போய்க் கேட்டா என்னம்மா?"

"கேக்க மாட்டேன் சாமி."

இருளாயி பிள்ளைகள் மூன்று பேரையும் முன்னால் நிறுத்தினாள்.

"எம் பிள்ளைக மூணு தடவை கேட்டு மூணு தடவை நாய் மாதிரி திரும்பி வந்துச்சு. இனி கேக்காது. வயல்ல நெல்லு நிக்குதே, அது வாயத் திறந்து கேட்டா தண்ணி பாயுது? மடையைத் திறந்தாப் பாயுது. பிள்ளைச் சோறும் அப்படித்தான் வரணும்."

சேவுகன் சிரித்தான். "மடச்சிக்கு மடை நினைப்பு."

அந்தச் சிரிப்பு ராசாவுக்குப் பிடிக்கவில்லை. "அப்படியா? சரி, இன்னையிலேருந்து உன் வயல் மடை இவ கையில."

சேவுகன் முகம் செத்துப்போனது. ஆனால் இருளாயி வேண்டாம் என்றாள். ஏன் என்று கேளு.

"என் கையில குடுத்தா ஒரேயடியா அடைச்சே போட்டுருவேன் சாமி. அவ்வளவு கோவம் இருக்கு. அந்த ஆள் கையும் வேண்டாம், என் கையும் வேண்டாம். மேல்வயலைப் பிள்ளைகளுக்குன்னு விடச்சொல்லுங்க, கடைசிப் பய ஏர் பிடிக்கிற வரைக்கும். உழுது நட்டு நான் பாத்துக்கிறேன். தண்ணி முதல்ல பிள்ளைக வயல்ல நிறையட்டும். நிறைஞ்சு வழியிறது கீழ்வயலுக்குப் போகட்டும். அது அவருக்கு."

ராசா எழுந்து நின்றார். "இவனுக்கு மட்டுமில்லை. பிள்ளைகளை விட்டுட்டுப் போற எவனுக்கும் இதுதான் சட்டம். வயல் இருக்கிறவனுக்குத் தண்ணியில, மாடு இருக்கிறவனுக்குப் பால்ல, கூலிக்காரனுக்குக் கூலியில. அவன் கைக்கு வர்றதுக்கு முந்தி பிள்ளை பங்கு போயிரணும். எவன் வாசல்லயும் எந்தப் பிள்ளையும் போய் நிக்கக்கூடாது."

அப்புறம் என்ன? இருளாயி இரவல் மாட்டில் உழுதாள், நட்டாள். விளைந்தது. பிள்ளைகள் வயிறாரத் தின்றார்கள். மீனாள் முகத்தில் சதை வைத்தது. வீரணன் வரப்பில் அப்பனைப் பார்த்தால் ஒளிகிறதில்லை, கெஞ்சுகிறதுமில்லை. "என்னய்யா, மாடு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான். கேட்டு வாங்க ஒன்றுமில்லாதபோதுதான் பிள்ளைக்கு அப்பனோடு பேச்சு வரும்.

சேவுகனுக்கும் கீழ்வயல் விளைந்தது. அவனுக்குச் சோற்றில் குறை இல்லை. வாசலில் வந்து கையேந்தி நிற்க ஆள் இல்லை, அதுதான் குறை. அது பொறுக்கவில்லை அந்தப் பயலுக்கு.

அடுத்த வெள்ளாமையில், கதிர் பால் பிடிக்கிற சமயம். அவன் வயல்களுக்குத் தண்ணீர் முறை வந்த அன்று, ஊரே சாப்பிடப் போன உச்சிவேளையில், சேவுகன் மண்வெட்டியோடு போனான். மேல்வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையில் கல்லைப் போட்டான், மண்ணைப் போட்டான், முள்ளைப் போட்டான். "பிள்ளை வயல் காயட்டும். மடச்சி வந்து கால்ல விழுவா" என்று சொல்லிக்கொண்டே மிதித்தான்.

சிரிக்காதே. கேளு.

தண்ணீர் வந்தது. அடைப்பில் முட்டியது. திரும்பி அடுத்தவன் நிலத்துக்குப் போய்விட்டது. முறை முடிந்தது. மறுநாள் வயலுக்கு வயல் தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரர் பார்த்தார். ராசா சட்டம் இருக்கிறதே. அடைப்புக்கு மேலே சின்னதாக ஒரு வாய் வெட்டி, பிள்ளை வயலுக்கு வரப்பு நனைகிற அளவு தண்ணீர் விட்டு மூடினார். மேல்வயல் நிறைந்தது. கீழ்வயலுக்கு ஒரு சொட்டு வழியவில்லை.

கீழ்வயல் வெடித்தது. பால் பிடித்த கதிர் அத்தனையும் பதர்.

சேவுகன் அரண்மனைக்கு ஓடினான். "ராசா, என் வயலுக்குத் தண்ணி வரலை."

"அடைச்சது யாரு?"

சேவுகன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"பிள்ளைக வாயை அடைக்கிறதா நினைச்சே. அது உன் வாய்டா. போ, போய் நீயே தோண்டு."

தோண்டினானா? மாட்டான். ரோசம். முறுக்கிக்கொண்டு வீட்டில் கிடந்தான். மேலத்தெருக்காரி நெல்லுக் குதிரைத் தட்டிப் பார்த்தாள், டொங்கு டொங்கு என்று காலியாய்ச் சத்தம் கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டாள். ரோசத்தைத் தின்று எத்தனை நாள் இருப்பான்? ஒருநாள் இருளாயி வாசலில் வந்து நின்றான். உள்ளே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா மீனாளு, ஒரு வாய் சோறு..."

"அறுப்பு முடியட்டும்யா," என்றாள் மீனாள்.

"சாத்தா..."

"நெல்லுக் காயட்டும்யா."

"வீரணா, நீயாவது..."

"எனக்கென்னய்யா தெரியும்? மடச்சிகிட்டக் கேளுங்க."

சேவுகன் வாயைத் திறந்தான். அந்தப் பேரைச் சொல்ல வரவில்லை. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

இருளாயி வெளியே வந்தாள். "வாய்மடை அடைஞ்சு கிடக்கு. தோண்டிட்டு வா. கூலிக்குச் சோறு உண்டு."

தோண்டினான். அவன் அடைத்த அதே உச்சிவேளையில், ஊரே வரப்பில் நின்று பார்க்க, கல்லை எடுத்தான், மண்ணை எடுத்தான், முள்ளை எடுத்தான். தாடி தடவிய பெரியவர்களும் நின்று பார்த்தார்கள். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தான். கறிக்குழம்பு இல்லை. கூழ். பிள்ளைகள் மூன்று பேரும் வயிறு நிறையக் குடித்தபின் வழிந்தது எவ்வளவோ அவ்வளவு. குனிந்தபடி குடித்தான்.

பெற்ற பிள்ளைக்குப் போடுகிற சோறு தானம் இல்லை. மனசு வந்தால் நீட்டுவதற்கு அது வெற்றிலை பாக்கும் இல்லை. எவனாவது தானம் என்று சொன்னால் வாய்மடையைக் காட்டு.

கதைக்கு மடை அடைத்தாச்சு. படு.