பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு கடிகாரம்

பாட்டுப் பெட்டிக் கம்பெனியில் கம்பி பற்றவைக்கும் பவுனம்மாவுக்கு, கண்டுபிடித்ததைத் தப்பாகச் சொல்லித் தொலைப்போமோ என்று பயம். பாட்டுப் பெட்டியில் கன்ட்ரோலர் சிப் ஒரு கடிகாரத் துடிப்பில் ஓடியது, ஆடியோ சிப் இன்னொன்றில். இரண்டும் ஒத்துப்போகாமல் பாட்டுக்கு நடுவே சொடுக்குச் சத்தம் கேட்டது. வடிவமைத்தவர் மேனேஜர் தணிகாசலம் என்பதால் தப்பு அதில் இருக்க வழியே இல்லை. பவுனம்மாவின் சால்டரிங்கில்தான் இருந்தாக வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள சத்தம் நிக்கலேன்னா நாளைக்கு வராதே" என்றார் மேனேஜர்.

முதலாளி வந்திருந்த நேரமாகப் பார்த்து அவள் பையை எடுத்தாள்.

"இன்னும் அஞ்சு ஆகலையே, எங்க கிளம்பிட்டே?" என்றார் மேனேஜர்.

"வாசல் கடிகாரத்துல ஆயிடுச்சு சார்."

"ஒரே கம்பெனியில ஆளுக்கொரு கடிகாரமா? வேலை உருப்படுமா?"

"பெட்டிக்குள்ள மட்டும் சிப்புக்கொரு கடிகாரம்னா உருப்படுமா சார்?"

சிப்புகளுக்கு வெளியே, துடிப்பு தரும் ஆசிலேட்டர் ஒன்றை மட்டும் வைத்து இரண்டுக்கும் கம்பி இழுத்தார்கள். சத்தம் நின்றது.

"யாரோட யோசனை இது?" என்றார் முதலாளி.

வேலை முக்கியமாயிற்றே. "சாரோடதுதாங்க" என்று மேனேஜரைக் காட்டிவிட்டு பவுனம்மா பையைக் கீழே வைத்தாள்.