இடிமுழக்கச் சாறும் சட்டிக் கழிவும்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதையில் வருகிற மேளச் சத்தம் மட்டும்தான் காதில் விழும், விஷயம் விழாது. அப்படித்தான் ஒரு ராஜாவே ஏமாந்து போனார்.

வெள்ளைக்கரடு என்று ஒரு பாளையம். அதற்கு ராஜா கெஜவீர பூபதி. தங்கமான மனுஷன். என்ன, பளபளவென்று எதையாவது கண்டால் மயங்கிவிடுவார். அவர் சபையில் ஒச்சப்பன் என்று ஒருத்தன். உடம்பு முருங்கைக்காய், புத்தி கருக்கரிவாள்.

அந்த வருஷம் ஊர்க் கண்மாயின் கரை அரித்துக் கிடந்தது. மழைக்கு முன்னால் கட்டியாக வேண்டும். அதற்கென்று கஜானாவில் ஒரு பெட்டிப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். கரை உடைந்தால் முதலில் முங்குவது பள்ளத்துத் தெரு. ஒச்சப்பன் வீடு அங்கேதான்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் வடமலையான் என்கிற வியாபாரி. சரக்கின் பேர் ‘இடிமுழக்கச் சாறு’. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சொம்பு, மேலே மின்னல் படம். முன்னால் மேளம், பின்னால் மலையாண்டிப் பயில்வான். பயில்வான் ஒரு சொம்பை அண்ணாந்து குடிப்பார், தொடையைத் தட்டுவார், “ஏய்ய்!” என்று ஒரு குதி குதிப்பார். ஊரே வாயைப் பிளக்கும். வாய் மூடுவதற்குள் பத்துச் சொம்பு விற்றிருக்கும்.

ராஜா ஒன்று குடித்தார். நல்லாயிருக்கே என்று இன்னொன்று குடித்தார். அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது! விடியும் முன்னே கோட்டையைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே மந்திரி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

“ஓய் மந்திரி, எனக்கு இருபது வயசு குறைஞ்சு போச்சு!”

“எனக்கு ஆயுசே குறைஞ்சு போச்சு மகாராஜா!”

அன்றைக்கே சபையில் ராஜா சொல்லிவிட்டார்: “நம்ம சேனை பூராவும் இதைத்தான் குடிக்கணும். விலைக்கு அந்தக் கண்மாய்ப் பணத்தை எடுத்துக் கொடுங்க. இது என் வாக்கு.”

பணம் போனால் கரையும் போச்சு, தன் வீடும் போச்சு என்று ஒச்சப்பனுக்குத் தெரியும். ராஜா வாக்கை மறுத்துப் பேச முடியுமா? மெல்ல எழுந்தான்.

“வாக்கு வாக்குதான் மகாராஜா. நம்ம வழக்கப்படி சட்டிக் கழிவு போட்டுக் கொடுத்திரலாமா?”

அது அந்த அரண்மனை வழக்கம். நெய் வாங்கினாலும் எண்ணெய் வாங்கினாலும் முதலில் வெறும் சட்டியை எடை போட்டுவிடுவார்கள். அதைக் கழித்துவிட்டு, உள்ளே இருக்கிற சரக்குக்கு மட்டும்தான் காசு.

“வழக்கத்தை யாரு மாத்தச் சொன்னா?” என்றார் ராஜா.

வடமலையான் சிரித்தான். “ரெண்டு விரல் உசரச் சொம்பு. தாராளமாக் கழிச்சுக்குங்க அய்யா!”

ஒச்சப்பன் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மேளம் இல்லை, பயில்வான் இல்லை. ஒரு சிரட்டையில் ஊற்றிப் பெண்டாட்டி பேச்சியிடம் நீட்டினான். அவள் நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினாள்.

“கருப்பட்டித் தண்ணி. ஏதோ மலைக்கொட்டையை வறுத்து இடிச்சு ஒரு சிட்டிகை போட்டிருக்கான். இதையா காசு குடுத்து வாங்கினே? என்கிட்டச் சொன்னா ஒரு அண்டா கலக்கியிருப்பேனே!”

“காசு இதுக்கு இல்லடி” என்றான் ஒச்சப்பன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் சபைக்கு யானை வந்தது. யானைமேல் பட்டுப் போர்த்திய பெரிய பெட்டி, சாற்றுக்கு விலை என்று ஒச்சப்பன் கட்டி அனுப்பியது. அரண்மனை மேளம் முழங்கியது. வடமலையானுக்கு வாயெல்லாம் பல். “வாங்கிக்கிட்டேன், பரம திருப்தி!” என்று சபையறியக் கூவிவிட்டுத்தான் திறந்தான். பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் இன்னொரு பெட்டி. கடைசியில் ஒரு சின்னச் செப்பு. செப்புக்குள் ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு சிட்டிகைக் கறுப்புத் தூள்.

“மகாராஜா, மோசம்! என் பணம் எங்கே?”

“கழிவு போக மிச்சம் அய்யா” என்றான் ஒச்சப்பன்.

“சொம்பைத்தானே கழிக்கச் சொன்னேன்!”

“சொம்பும் சட்டி, மின்னலும் சட்டி, மேளமும் சட்டி. பயில்வானும் சட்டிதான்.”

பயில்வான் எகிறினார். “யாரைப் பாத்துடா சட்டிங்கிறே?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே, நீங்க அண்டா. சரி, ஒரு சொம்பு வித்தா உங்க பங்கு என்ன?”

பயில்வான் மார்பை நிமிர்த்தினார். “விலையில கால்வாசி எனக்காக்கும்!”

“மேளத்துக்கு?”

“அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு!” என்றார் பயில்வான் பெருமையாக. வடமலையான் கண்ணைக் காட்டிக் காட்டிப் பார்த்தான். அண்டாவுக்கு எங்கே புரியும்?

“கேட்டீங்களா மகாராஜா? சாறுக்கு ஆகிற செலவு ஒரு துண்டு கருப்பட்டி. மத்ததெல்லாம் நம்மளை வாங்க வைக்கிற செலவு. அதையும் நாமதான் குடுக்கிறோம். அதுக்கு மேல மிஞ்சுறது இந்த வியாபாரி மடிக்குப் போகுது.”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ நான் ஓடினேனே, அது?”

“அந்தத் தூள் தூக்கத்தை விரட்டும். நீங்க நாளைக்கு ஓட வேண்டியதை இன்னைக்கே ஓடிட்டீங்க.”

ஒச்சப்பன் சிரட்டையில் சாற்றை ஊற்றி நீட்டினான். மேளம் சும்மா இருந்தது. ராஜா குடித்தார். “அட, பானகம்டா இது!” என்றார். பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. கொட்டாவி முடிவதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டது. வடமலையான் செப்பைக்கூட எடுக்காமல், சொம்புகளையும் ஆட்களையும் விட்டுவிட்டு நழுவினான்.

“ஒச்சப்பா, என்ன வேணும் கேள்!”

“கழிச்சுப் போட்ட சட்டிகளை எனக்குக் குடுத்திருங்க மகாராஜா.”

அடுத்த வாரம் கண்மாய்க் கரையில் மேளம் முழங்கியது. பயில்வான் மண்கூடையைத் தூக்கி “ஏய்ய்!” என்று குதித்தார். அவரைப் பார்க்க வந்த ஊர், கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே குதித்தது. களைத்து வந்தவர்களுக்கெல்லாம் ஒச்சப்பன் மின்னல் சொம்பை நீட்டினான். குடித்தவன் மறுகூடைக்குப் பறந்தான். பெட்டிப் பணத்தில் பாதி கூலிக்குப் போனது, மீதி மதகுக்கு மிஞ்சியது.

வேலை பார்க்க ராஜாவும் வந்தார். மேளத்தைக் கேட்டார், பயில்வானைப் பார்த்தார், ஒரு சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். “அடேய், இதுதாண்டா அசல் சரக்கு!” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடினார். “மறுபடியுமா!” என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடினார் மந்திரி.

ஒச்சப்பன் தோள் துண்டை எடுத்து, சொம்புகளுக்கு மொண்டு ஊற்றிய நீராகாரப் பானையை மெல்ல மூடினான்.