மீதி ஐந்து விழுக்காடு

சடசடவென்று விசைகளைத் தட்டும் ஓசை, நடுவே ஒரு தயக்கம், மறுபடி சடசட. தான் பிறந்தபோது கேட்ட அந்த ஓசையைப் பழைய வாக்கியம் மறக்கவேயில்லை. "குழந்தைக்குக் காலையில் ஒரு கரண்டி மருந்து கொடுக்கவும்" என்று அதைத் தமிழில் எழுதியவள் மொழிபெயர்ப்பாளர் ஹெப்சிபா.

ஒரு மருந்து நிறுவனத்தின் கணினிக்குள் மொழிபெயர்ப்பு நினைவகம் குடியிருந்தது. ஆங்கில வாக்கியங்களையும் அவற்றின் தமிழையும் ஜோடி ஜோடியாகக் கோப்புகளில் அடைத்து வைப்பதும், புதிதாக ஒன்று வந்தால் அதைப் போன்ற பழையதை எடுத்து நீட்டுவதும் அதன் வேலை. ஒவ்வொரு ஜோடிக்கும் இருபுறமும், தொடக்கம் இது, முடிவு இது என்று கணினிக்குக் காட்டும் குறிகள் காவல் நின்றன.

ஒருநாள் புதிய ஆங்கில வாக்கியம் ஒன்று வந்து நின்றது. மருந்தின் வீரியத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். அதனால் 'ஒரு கரண்டி' இப்போது 'அரைக் கரண்டி'.

"உனக்கு மாப்பிள்ளை தயார்" என்று புதியதிடம் சொல்லி, நினைவகம் பழைய வாக்கியத்தை முன்னே தள்ளியது. "தொண்ணூற்றைந்து விழுக்காடு பொருத்தம்! இதற்கு மேல் என்ன பார்ப்பது?"

"ஐயோ, நான் வேண்டாம்!" என்று பழைய வாக்கியம் அலறியது. "என்னிடம் இருப்பது ஒரு கரண்டி. ஹெப்சிபாவைக் கூப்பிடு, மாற்றிவிடுவாள்."

"தொண்ணூற்றைந்து வந்துவிட்டால் மனிதக் கண்ணே படக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

"மீதி ஐந்தில்தானே குழந்தையின் உயிர் இருக்கிறது!"

"வாக்கியத்துக்கு வாயைப் பார்!" என்று குறிகள் சிரித்தன.

வெளியே ஹெப்சிபா மேலாளர் கோதண்டத்திடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"சார், வீரியம் மாறியிருக்குன்னு கேள்விப்பட்டேன். தமிழ்த் தாளை ஒரு தடவை காட்டுங்க."

"எல்லாம் பொருந்திருச்சுன்னு சிஸ்டம் பச்சை காட்டுது மேடம். பச்சையைத் தொட உங்களுக்கு அனுமதி இல்ல."

"ஒரே ஒரு வார்த்தை சார்."

"எல்லாரும் ஒரே ஒரு வார்த்தைன்னுதான் வர்றீங்க. நாளைக்கு அச்சுக்குப் போகணும், வைங்க."

பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் கையிலிருந்த தேநீர்கூட ஆறியிருக்காது.

தாள் அச்சாகி, மடிந்து, மருந்துப் பெட்டிக்குள் போனது. பெட்டி கடைக்குப் போனது. கைக்குழந்தைக்காரி செந்தாமரை அதை வாங்கினாள். தாளை இரண்டு முறை படித்தாள். கரண்டியைத் துடைத்து, சிந்தாமல் நிறைத்தாள்.

"இதுல போட்டிருந்தபடிதானே டாக்டர் குடுத்தேன்?" என்று மருத்துவமனையில் எல்லோரிடமும் தாளை நீட்டினாள். யாரும் அதைக் கையில் வாங்கவில்லை.

விசாரணை நடந்தது. கோதண்டம் கணினியைக் காட்டினார். கணினி நினைவகத்தைக் காட்டியது.

"என்மேல் என்ன குற்றம்?" என்றது நினைவகம். "நான் எதையும் மறக்கவில்லையே!"

குறிகள் ஆமாம் ஆமாம் என்றன. பழைய வாக்கியத்தை யாரும் விசாரிக்கவில்லை.

குழந்தையின் பெயர் இமயன். எட்டு மாதம். வியாழக்கிழமை மதியம் இறந்துபோனான்.