எத்திராஜின் நன்றிப் பாட்டு

புளியந்தோப்பில் ஷமீமாவிடம் ராப் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவன் எத்திராஜ்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். தலையில் நரை இறங்கிவிட்டது. மாஸ்டரோ அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். அதற்காக அவன் கூச்சப்பட்டதே இல்லை. சவாரி இல்லாத மத்தியானங்களில், அவளுடைய அண்ணனின் மெத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்துவிடுவான். சுவரோரம் சாத்தி வைத்த மெத்தைகள் சத்தத்தை வெளியே விடாது.

ஒரு நாள் பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்.

"மாஸ்டர், எடுத்தவுடனே 'பீஸ்'னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறாங்க. அது இன்னா கணக்கு?"

"அமைதி உண்டாகட்டும்னு அர்த்தம். நாங்க சலாம் சொல்றோம்ல, அதான் அது."

"அது எப்படி அங்க போச்சு?"

"அந்த ஊர்க் கறுப்பு ஜனங்கள்ல நிறையப் பேர் இஸ்லாத்துக்கு வந்தாங்க. அதுலேருந்து பிரிஞ்சு தனி வழி வெச்சுக்கிட்டவங்களும் இருந்தாங்க. பாட ஆரம்பிச்ச பசங்க அவங்க தெருவுல வளர்ந்தவங்க. பல பேர் மசூதி வாசலையே மிதிச்சிருக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னான், இவனும் சொன்னான்."

"அப்போ 'வேர்ட் இஸ் பாண்ட்'?"

"சொன்ன சொல்லே எழுதிக் குடுத்த பத்திரம் மாதிரி. அதுவும் அவங்க வாயிலேருந்து வந்ததுதான். நாம வட்டமா நின்னு பாடுறோமே, அந்த வட்டத்துக்கு 'சைஃபர்'னு வெச்ச பேரு கூட அங்கேருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க."

எத்திராஜ் குடியை விட்டதே அந்த மூன்று வார்த்தைகளால்தான். ஒரு சாயங்காலம் வட்டத்தின் நடுவில் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று எல்லாரும் கேட்கச் சொல்லி, 'வேர்ட் இஸ் பாண்ட்' என்று முடித்தான். டாக்டர் மிரட்டியும், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயும் நடக்காத காரியம் அன்றைக்கு நடந்துவிட்டது. இப்போது பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள். காலையில் வண்டிச் சாவியை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். கடல் தாண்டி யாரோ ஓதியதும் நம்பியதும் இந்தச் சந்துவரைக்கும் வந்து தன்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறதே என்று நினைத்துப் பார்த்தான்.

இதற்கு ஏதாவது திருப்பிச் செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவனுக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் தூக்கம் வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் மேடை. அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டினான். குடித்ததும் விட்டதும் அதில் இருந்தன. பெண்டாட்டியின் பெயரும் இருந்தது. பள்ளிவாசல் பாங்கைச் செல்போனில் பதிவு செய்து, அதன் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். பாங்கு சொல்கிற மோதினாருக்கு நல்ல குரல். முதல் தடவை கேட்டபோது எத்திராஜுக்கே மயிர்க்கூச்செறிந்தது. நன்றி என்றால் இதுதான் நன்றி என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினான்.

முதல் வரி ஒலித்ததும் ஷமீமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. எத்திராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பாடுகிறாள், பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தான்.

அதே வரி மறுபடி வந்தது. அவள் உதடுகளும் மறுபடி அசைந்தன. ஐந்தாவது, ஆறாவது தடவையும் அப்படியே.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் பாடவில்லை. பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மோதினார் ஒரு வரி சொன்னால் கேட்கிறவர்கள் அதை மெல்லத் திருப்பிச் சொல்வார்கள். அந்த ஏரியாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? அவள் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அடுத்த வரி வரவில்லை. முதல் வரியே மறுபடியும் வந்தது. அவள் அலுக்காமல் மறுபடியும் சொன்னாள்.

எத்திராஜ் எட்டிப் பாட்டை நிறுத்தினான்.

"ஏன் அண்ணா நிறுத்திட்டீங்க?"

"நீங்க பதில் சொல்லிட்டே இருக்கீங்க மாஸ்டர்."

"பாங்கு சொன்னா பதில் சொல்லணும்ல? முழுசா முடிஞ்சா எழுந்து தொழப் போவேன். நீங்க என்னை முதல் வரியிலயே நிக்க வெச்சுட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"விளையாட்டா பண்ணல மாஸ்டர். நன்றி சொல்லணும்னுதான்..."

"தெரியும் அண்ணா. அதனாலதான் உக்காந்து கேட்டேன். வேற யாராவது போட்டிருந்தா எழுந்து போயிருப்பேன்."

எத்திராஜ் அவள் முன்னாலேயே அந்த வரியை அழித்தான். மிச்சத்தைப் போட்டுப் பார்த்தான். தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெகு நேரம் கழித்துத்தான் தாளம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் குரல். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பாட்டுக்குத் தலையே இல்லாம போச்சு. ஞாயித்துக்கிழமை அத்தனை ஜனத்துக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சுட்டு பேன்னு நிக்கிறதா? இந்த எடத்துல இன்னா வெக்கிறது மாஸ்டர்?"

"ஒண்ணும் வெக்காதீங்க."

"ஒண்ணுமேவா?"

ஷமீமா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆட்டோவுல பாட்டுப் போட்டுட்டுப் போறீங்க. பள்ளிவாசலாண்ட வரும்போது பாங்கு சொல்றாங்க. என்ன பண்ணுவீங்க?"

"பாட்டை நிறுத்திடுவேன்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல மாஸ்டர். கை தானா போவும்."

"ஞாயித்துக்கிழமையும் அப்படியே நில்லுங்க அண்ணா. உங்க நன்றி எனக்குக் கேக்கும்."