மிளகாயை நாடு கடத்திய ராஜா

முன்னொரு காலத்தில், மிளகாய் கப்பலேறி வந்து நாலைந்து தலைமுறை ஆகியிருந்த சமயம், உத்தமதீரன் என்று ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் மதியம் தயிர்ச்சோற்றுக்குக் கடித்துக்கொண்ட பச்சைமிளகாய் அவர் நாக்கைப் பதம் பார்த்துவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

அரசவை விகடகவி பொன்னுரங்கத்தை எப்படித் தொலைப்பது என்று காத்திருந்த அமைச்சர் சகஸ்ரநாமம் உடனே முன்னே வந்தார். "மன்னா, இது நம் மண்ணின் செடியே அல்ல. கடல் தாண்டி வந்தது."

"அப்படியா? வெளியிலிருந்து வந்தது எதுவும் இனி என் நாட்டில் இருக்கக் கூடாது. நாளைக்கே எல்லை தாண்ட வேண்டும்."

"அந்தப் பொறுப்பைப் பொன்னுரங்கத்திடமே கொடுக்கலாம் மன்னா. கடைசி வண்டியில் அவரும் ஏறிக்கொள்ளட்டும். அவர் தகப்பனார் மலைக்கு அந்தப்பக்கத்து ஆள்தானே?"

ராஜாவின் வாயில் மோர்ச்செம்பு இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டார்.

மலைக்கு அந்தப்பக்கம் எப்படி இருக்கும் என்றுகூடப் பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் மனைவி குஞ்சரத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"நான் இந்த ஊர்லயே பொறந்தவ. என்னை யாரும் போகச் சொல்லலையே?" என்றாள் அவள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டுச்சோறு கட்டித் தரேன். புளி போடலாமா, இல்ல அதுவும் வெளியூரா?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் பொன்னுரங்கத்துக்கு வழி பிறந்தது.

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் வண்டிகள் நின்றன. முதல் வண்டியில் மிளகாய், கொய்யா, பப்பாளி, நிலக்கடலை. சமையற்காரர் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த வண்டியின் பின்னால் ராஜாவின் அரபுக் குதிரைகள். அதற்கடுத்த வண்டியில் இரண்டு பெட்டிகளோடு மகாராணி சிங்காரவல்லி.

ராஜா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "தேவி எங்கே போகிறாள்?"

"உத்தரவுப்படிதான் மன்னா. மகாராணியார் பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்றார் பொன்னுரங்கம்.

"அம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு. சீக்கிரம் ஓட்டச் சொல்லுங்க" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இறங்கு தேவி. நீ எப்போதோ இந்த ஊர்க்காரியாகிவிட்டாய்."

"எப்போது மன்னா?" என்று பணிவாகக் கேட்டார் பொன்னுரங்கம். "அதைச் சொன்னால் மற்ற வண்டிகளையும் அதே அளவில் பார்த்துவிடுவேன்."

அமைச்சர் அவசரப்பட்டு, "நூறு வருஷம் இருந்தால் ஊர்க்காரர்" என்றார். திரை விலகியது. மகாராணி பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நீயே சொல்லப்பா" என்றார் ராஜா பொன்னுரங்கத்திடம்.

பொன்னுரங்கம் எல்லோரையும் அரண்மனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். "இந்த மிளகாய்ச் செடியைப் பாருங்கள் மன்னா. இலையில் அசுவினிப் பூச்சி, காயில் புழு, பழத்தில் கிளி கொத்திய தடம். வந்த புதிதில் இது என்னவென்றே நம் பூச்சிகளுக்குத் தெரிந்திருக்காது. இன்று இதை நம்பி எத்தனை குடும்பம் பிழைக்கிறது. நம் ஊர்ப் பூச்சி கடிக்க ஆரம்பித்துவிட்டால் அது நம் ஊர்ச் செடி."

பக்கத்தில் குளம். அமைச்சர் பூ அழகாயிருக்கிறதென்று போன வருஷம் கப்பலில் வரவழைத்த ஆகாயத்தாமரை அதை மூடிக் கிடந்தது.

"இதில் ஓர் இலைகூடக் கடிபடவில்லை. இது இன்னும் விருந்தாளி. ஆனால் வீட்டுக்காரத் தவளைக்கு மூச்சுவிட இடமில்லை."

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "செடி கதை கிடக்கட்டும். உம்மை இந்த ஊரில் எந்தப் பூச்சி கடித்தது?"

பொன்னுரங்கம் பதிலுக்கு அமைச்சரையே பார்த்து நன்றியோடு கைகூப்பினார், அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது மகாராணி. பிறகு ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கிரீடம் நழுவிக் குளத்தில் விழுந்தது. அமைச்சர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுக்க இறங்கினார்.

"இறங்கியதுதான் இறங்கினீர், அந்தச் செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறும்" என்றார் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்துக்குப் போட்டு, மிளகாய்த் தோட்டத்தையும் அவருக்கே எழுதிக்கொடுத்தார், புழு பூச்சி சகிதமாக.