திரை ஆடியது

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, எல்லாம் வீடியோ காலில்தான்.

வெப்கேமராவைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் என்ற மென்பொருள் ஒன்றை எழுதி, ஜுபைதா இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தாள். அதில் வீடியோ ஓடும். தனியாக போட்டோ எடுக்க வராது. அதைச் சேர்க்கத்தான் அருமைநாயகம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

காரணம் நர்ஸ் எஸ்தர். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சர்க்கரை நோயாளியின் கால்புண் படத்தை, இந்த டிரைவரில் ஓடிய வீடியோவிலிருந்து வெட்டி டவுன் டாக்டருக்கு அனுப்பியிருந்தார். மங்கலான அந்தப் படத்தில் விரல் கறுத்திருக்கிறதா, வெறும் நிழலா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. கறுத்திருந்தால் விரலை எடுத்துவிடுவார்கள்.

"கேமராவுக்குள்ள பெரிய படம் எடுக்கிற வசதி இருக்கு, குருவம்மா. அதைக் கேட்டா பாதியிலயே செத்துப்போகுது."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

"வீடியோ நின்னுபோகுதே! நின்ன உடனே அணைச்சு, மறுபடி எழுப்பி விடுற மாதிரி எழுதியிருக்கேன். இல்லேன்னா டிரைவர் உறைஞ்சு நின்னுபோச்சுன்னு ஊரே என்னை வையும். இதுல எங்கதான் தப்பு?"

ஜுபைதா கன்னத்தில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். இமைகூட அசையவில்லை.

"ஹலோ? கேக்குதா?"

'சனியன் பிடிச்ச நெட்டு' என்று துண்டித்து மறுபடி அழைத்தார். வந்தாள். கேள்வியைத் திரும்பக் கேட்டார். அதே கன்னம், அதே கை. மறுபடி துண்டித்தார்.

மூன்றாம் முறை, விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

விரலை எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கழித்து அவள் வாய் திறந்தாள். "ரெண்டு தடவையும் சொல்ல வந்தேன். நீங்கதான் கட் பண்ணிட்டீங்க."

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப கேமராவும், பெரிய படத்தை அனுப்பத்தான் வீடியோவை நிறுத்துதா?"

"ம்."

"அது பாட்டுக்கு அனுப்பிட்டு இருந்திருக்கு. நான் போய் உலுக்கியிருக்கேன்." தலையைச் சொறிந்தார். "அப்ப எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

"இப்ப எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

"மணி பார்க்கல. திரை ஆடிச்சு. இருக்கீங்கன்னு தெரிஞ்சுது."

"கேமராவும் சொல்லும், அண்ணாச்சி. 'அனுப்பிட்டிருக்கியா'ன்னு கேட்டா 'ஆமா'ங்கும். நீங்க கேக்கல."

அன்று மத்தியானமே திருத்தி எழுதி எஸ்தருக்கு அனுப்பினார். 'படம் பளிச்சுனு வந்திருக்கு, டாக்டர் பார்த்துட்டிருக்கார்' என்று செய்தி வந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. நாலு தடவை போனை எடுத்தார், வைத்தார். பொறுக்கமாட்டாமல் குருவை அழைத்தார்.

"எஸ்தர் சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடட்டுமா? அந்த மனுசனோட விரல்..."

"சிஸ்டர் கடைசியா என்ன சொன்னாங்க?"

"டாக்டர் பார்த்துட்டிருக்கார்னு."

ஜுபைதா கன்னத்தில் கை வைத்தாள்.

அருமைநாயகமும் வைத்துக்கொண்டார்.